‘எடை குறைவு’ என்று எழுதியதோடு முடிந்துவிடுமா ஒரு குழந்தையின் கணக்கு?

நம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு வீட்டுமனைப் பட்டா மனுவில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். ஊரைத் தாண்டி, கண்மாய்க் கரையை ஒட்டி எங்கள் மக்களின் குடியிருப்பு. கையெழுத்துப் போட்டு முடித்த ஓர் இளம்பெண், “கொஞ்சம் இருங்கக்கா” என்று உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தார். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் படங்கள், நாலாக மடித்த ஒரு காகிதம் அதில் இருந்தன.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்கக்கா. ஆஸ்பத்திரியிலயே கேட்டேன். எல்லாம் அதுல எழுதியிருக்கு, போம்மான்னு சொல்லிட்டாக.”

காகிதத்தில் ஆங்கிலத்தில் இரண்டே வரி. குறைமாதப் பிரசவம், பிறப்பு எடை குறைவு. மூன்றாம் நாள் குழந்தை இறந்தது. தமிழில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நடந்ததைச் சொன்னார். இரவு எட்டு மணிக்கு வலி வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் மழைச் சேற்றில் குடியிருப்புக்குள் வர முடியாமல் தார் ரோட்டிலேயே நின்றது. வலியோடு நடந்துதான் போய் ஏறினார். முதலில் போன இடத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். நள்ளிரவுக்கு மேல் வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். குழந்தை பிறந்தவுடன் அழவில்லை. எவ்வளவு நேரம் கழித்து அழுதது என்று அவருக்குத் தெரியாது.

“நான் சரியாச் சாப்பிடலயாம். அதான் எடை இல்லாமப் பொறந்துச்சாம். அத மட்டும் சொன்னாக. என்கிட்ட ஒண்ணுமே கேக்கலக்கா.”

எந்த மருத்துவமனை என்பதை நான் எழுதப்போவதில்லை. இதை ஒரு மருத்துவமனையின் கதையாகச் சுருக்கிவிடக் கூடாது என்பதுதான் காரணம். கண்டதேவித் தேரின் வடம் பற்றியும் கச்சநத்தம் படுகொலை பற்றியும் நாம் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால், பிறந்த மூன்றாம் நாள் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவரப்படும் குழந்தைக்கு முதல் தகவல் அறிக்கை இல்லை, சுவரொட்டி இல்லை, அஞ்சலிக் கூட்டம் இல்லை. “அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறோம். அந்த இறப்பு ஏன் நிகழ்ந்தது என்று விசாரிக்க அரசிடம் ஒரு முறை இருக்கிறது. அது ஒழுங்காக நடக்கிறதா என்பதே இந்த வாரக் கேள்வி.

எண்கள் சொல்வது

முதலில் தமிழ்நாட்டின் நிலையை நேர்மையாகச் சொல்லிவிடுவோம். 2020-ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, உயிரோடு பிறக்கும் 1,000 குழந்தைகளில் முதல் நான்கு வாரங்களுக்குள் இறப்பவர்கள் இந்திய அளவில் 20, தமிழ்நாட்டில் 9. ஓராண்டுக்குள் இறப்பவர்கள் இந்திய அளவில் 28, தமிழ்நாட்டில் 13. பெரிய மாநிலங்களில் கேரளத்தை ஒட்டி முன்வரிசையில் நிற்பது தமிழ்நாடு. கிராம சுகாதாரச் செவிலியர்கள், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், 108 ஆம்புலன்ஸ் என்று பலருடைய உழைப்பு இதன் பின்னால் இருக்கிறது.

அதே எண்களை இன்னொரு முறை பாருங்கள். ஓராண்டுக்குள் இறக்கும் 13 குழந்தைகளில் 9 பேர் முதல் மாதத்திலேயே இறந்துவிடுகிறார்கள். அந்த முதல் மாத இறப்புகளில் நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்தில் நிகழ்பவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. வீட்டில், மருத்துவச்சி கையில் குழந்தை இறந்த காலம் முடிந்துவிட்டது. இன்று நம் குழந்தைகள் பெரும்பாலும் இறப்பது மருத்துவமனைகளில், விளக்கு எரியும் வார்டுகளில், எழுத்தர்களும் பதிவேடுகளும் இருக்கும் இடத்தில். அப்படியானால் ‘ஏன்’ என்ற கேள்வியையும் அங்கேதான் கேட்க வேண்டும்.

இனி சாதிக்கு வருவோம். 2015-16 தேசிய குடும்ப நல ஆய்வில், இந்திய அளவில் முதல் மாத இறப்பு விகிதம் பட்டியல் சாதியினரிடம் 1,000-க்கு 33. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என எந்தப் பிரிவிலும் வராத ‘மற்றவர்’களிடம் அது 23. ஆயிரத்துக்குப் பத்துக் குழந்தைகள் கூடுதல். இந்தப் பத்துக் குழந்தைகளையும் ‘எடை குறைவு’ என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிட முடியுமா?

ஆய்வு என்று ஒன்று இருக்கிறது

குழந்தை இறப்பு ஆய்வுக்கான வழிகாட்டுதல்களை மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இறந்தால் அதை இரண்டு வழிகளில் விசாரிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒன்று, சமூக அளவிலான ஆய்வு: சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, என்ன நடந்தது என்று பெற்றோரிடம் கேட்டு எழுதுவது. இரண்டு, மருத்துவமனை அளவிலான ஆய்வு: குழந்தை இறந்த மருத்துவமனையே தன் பதிவேடுகளை வைத்து ஆராய்வது. முதல் 28 நாள் குழந்தைகளுக்குத் தனிப் படிவங்கள் உள்ளன. மாவட்டக் குழு இவற்றைத் தொகுத்துப் பார்க்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலும் ஆய்வு நடக்க வேண்டும்.

இதில் ‘சமூகக் காரண ஆய்வு’க்கென்றே ஒரு படிவம் உண்டு. தாமதம் எங்கே நேர்ந்தது என்று அது கேட்கிறது. மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவெடுப்பதில் தாமதமா? முடிவெடுத்த பிறகு போய்ச் சேர்வதில் தாமதமா? போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதமா? தார் ரோட்டில் நின்ற ஆம்புலன்ஸ் இரண்டாவது கேள்விக்குள் வரும். காத்திருக்கச் சொன்ன நேரம் மூன்றாவதுக்குள் வரும். அந்த இளம்பெண்ணிடம் யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தால் இந்த இரண்டும் எழுத்தில் ஏறியிருக்கும். கேட்காததால் ஏறவில்லை. காகிதத்தில் அவருடைய உடம்பு மட்டும் மிஞ்சியது. அதுதான் குற்றவாளி ஆனது.

உலக சுகாதார நிறுவனமும் 2016-இல் இதற்கென ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. பிறந்த குழந்தைகளின் இறப்பையும், இறந்தே பிறக்கும் குழந்தைகளையும் ஒவ்வொன்றாக ஆராய அது ஆறு படிகளைச் சொல்கிறது: இறப்பை அடையாளம் காண்பது, தகவல் திரட்டுவது, அலசுவது, தீர்வு பரிந்துரைப்பது, அதை நிறைவேற்றுவது, நிறைவேறியதா என்று திரும்பிப் பார்ப்பது. படிவம் நிரப்புவது இதில் இரண்டாவது படி. அங்கேயே உட்கார்ந்துவிட்டால் ஆறாவது படிக்கு எப்படிப் போவது?

‘என்ன’ என்பதும் ‘ஏன்’ என்பதும்

மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறப்பது எடைக் குறைவு. இவை குழந்தையின் நிலையைச் சொல்லும் சொற்கள். இறப்புக்கு இட்டுச்சென்ற முழுக் கதையை இவை சொல்வதில்லை. 1,800 கிராம் எடையில் பிறந்த எத்தனையோ குழந்தைகள் நம் அரசு மருத்துவமனைகளிலேயே பிழைத்து, இன்று பள்ளிக்கூடம் போகின்றன. அப்படியிருக்க, இந்தக் குழந்தை ஏன் பிழைக்கவில்லை?

எடுத்துக்காட்டாக ஒரு குழந்தையை எண்ணிக்கொள்வோம். எடை 1,800 கிராம். ஏன் இறந்தது? தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது, வெப்பநிலை 36.5 டிகிரி செல்சியசுக்கு வெகு கீழே. ஏன் சில்லிட்டது? பிரசவ அறையிலிருந்து கொண்டுவரும் வழியில் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து வைக்கவில்லை. வெறும் துணியில் சுற்றியிருந்தார்கள். ஏன்? அந்த இரவு ஒரே செவிலியர் மூன்று பிரசவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன்? இன்னொரு பணியிடம் காலியாக இருந்தது. இப்படி நாலு ‘ஏன்’ கேட்டதும் நம் கையில் சரிசெய்யக்கூடிய இரண்டு விஷயங்கள் கிடைத்துவிட்டன. குழந்தையைத் தாயின் மார்போடு ஒட்டவைக்கும் கங்காரு பராமரிப்புக்குச் செலவே கிடையாது. காலிப் பணியிடத்தை நிரப்ப ஓர் ஆணை போதும். முதல் ‘ஏன்’ கேட்குமுன்பே ‘எடை குறைவு’ என்று எழுதி மூடியிருந்தால் இரண்டுமே தெரிய வந்திருக்காது. அடுத்த மாதம் இன்னொரு குழந்தை அதே வழியில் சில்லிட்டு வரும்.

மூச்சுத் திணறலும் அப்படித்தான். பிறந்ததும் அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக்கு உதவி தொடங்க வேண்டும் என்பது செவிலியர் பயிற்சியின் பாலபாடம். அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது என்பதுதான் ஆய்வின் உயிர்நாடி. மூச்சு கொடுக்கும் பையும் முகமூடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தனவா? பயிற்சி பெற்றவர் இருந்தாரா? அதற்கு முன்பு, வயிற்றில் இருந்தபோது குழந்தையின் இதயத்துடிப்பைக் கடைசியாக எப்போது கேட்டார்கள்? இதற்கெல்லாம் மணி, நிமிடத்தோடு பதில் வேண்டும்.

இங்கே ஒரு பழைய பிசகையும் சொல்ல வேண்டும். பிறந்தபின் ஒரே ஒரு மூச்சு விட்டிருந்தாலும், இதயம் துடித்திருந்தாலும் அது உயிருள்ள பிறப்பு. அந்தக் குழந்தையை ‘இறந்தே பிறந்தது’ என்று எழுதினால், பச்சிளங்குழந்தை இறப்புக் கணக்கிலிருந்து அது காணாமல் போய்விடும். பிறப்புச் சான்றும் இல்லை, இறப்புச் சான்றும் இல்லை. அந்தத் தாய் சுமந்த குழந்தை உயிரோடு பிறந்தது என்பதற்கே அத்தாட்சி இல்லாமல் போகும்.

இது கணக்குக்குப் பேர்போன மண். வட்டிக்கடைப் பேரேட்டில் ஒரு காசு இடித்தாலும் விடியவிடிய உட்கார்ந்து தேடுவார்கள் என்று செட்டிநாட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். காசுக்குக் காட்டிய அந்தக் கவனத்தை உயிருக்கும் காட்டச் சொல்கிறோம்.

தாய் மரணத்தில் செய்து காட்டியவர்கள் நாம்

முடியாத ஒன்றை நாம் கேட்கவில்லை. பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களின் ஒவ்வொரு மரணத்தையும் ஆய்வு செய்யும் முறையை 1990-களிலேயே தொடங்கிய மாநிலம் தமிழ்நாடு. பின்னர் 2010-இல் மத்திய அரசு அதை நாடு முழுமைக்குமான வழிகாட்டுதலாகக் கொண்டுவந்தது. ஆட்சியர் நடத்தும் ஆய்வுக் கூட்டத்துக்கு இறந்த தாயின் உறவினர்களை அழைத்து அவர்கள் வாய்மொழியாகக் கேட்பதும் அந்த முறையில் உண்டு. 2004-06-இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 111 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-இல் அது 54. இதற்கு ஆய்வு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ரத்த வங்கிகள், கூடுதல் செவிலியர்கள், ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்ந்தே சாதித்தன. ஆனால், ரத்தம் எங்கே இல்லை, வண்டி எங்கே தாமதம், எந்த நிலையத்தில் மருத்துவர் இல்லை என்று சுட்டிக்காட்டியதில் அந்த ஆய்வுகளுக்குப் பங்கு உண்டு.

வெளியிலும் பாடம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு குழந்தை இறப்பிலும் தவிர்த்திருக்கக்கூடிய காரணிகளை மூன்றாகப் பிரித்து எழுதுகிறார்கள்: குடும்பத்தின் பக்கம், நிர்வாகத்தின் பக்கம், மருத்துவப் பணியாளர் பக்கம். குடும்பத்தின் மேல் மட்டும் பழி விழுவதை இந்தப் பிரிப்பே தடுக்கிறது. பிரிட்டனில் 2018 முதல் பயன்படும் ஆய்வு முறையில், பெற்றோருக்கு என்ன கேள்விகள் இருக்கின்றன என்று முதலிலேயே கேட்கிறார்கள். இன வாரியாகவும் எண்ணிக்கையை வெளியிடுகிறார்கள். கருப்பினத் தாய்மார்களுக்குக் குழந்தை இறந்து பிறப்பது வெள்ளையினத்தவரைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்பதை மறைக்காமல் அச்சிடுகிறார்கள். எண்ணைப் பார்த்த பிறகுதானே வெட்கப்பட முடியும், திருத்த முடியும்?

தண்டனை கேட்கும் நம் பழக்கம்

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று. குழந்தை இறந்தால் நாம் என்ன செய்கிறோம்? மருத்துவமனை வாசலில் உட்காருகிறோம். ‘பணியிடை நீக்கம் செய்’ என்கிறோம். நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். மாலைக்குள் ஒரு செவிலியரோ ஓர் ஒப்பந்தப் பணியாளரோ மாற்றப்படுவார். கூட்டம் கலையும். கோப்பு மூடும். பழுதான கருவி பழுதாகவே இருக்கும். காலி இடம் காலியாகவே இருக்கும். தண்டனை எப்போதும் ஏணியின் கடைசிப் படியில் நிற்பவர் மேல்தான் விழுகிறது. அந்தக் கடைசிப் படியில் நிற்பவர் பல நேரம் நம் வீட்டுப் பெண்ணாகவே இருக்கிறார்.

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாள்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. குழந்தைகளின் எடைக் குறைவு காரணமாகச் சொல்லப்பட்டது. கட்சிகள் கண்டித்தன, குழுக்கள் வந்து போயின. அந்த நாள்களில் எழுந்த கேள்விகள் எல்லாம் அன்றாடம் கேட்கப்பட வேண்டியவை. பத்துக் குழந்தைகள் சேர்ந்து இறந்தால் செய்தி. மாதம் ஒன்றாக, வெவ்வேறு ஊரில் பத்து இறந்தால்? அப்போது ஆய்வுக் கூட்டம் ஒன்றுதான் அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் கண். அந்தக் கண் மூடியிருந்தால் யாருக்கும் தெரியாது.

அதனால்தான் ஆய்வு முறை ‘பெயரும் வேண்டாம், பழியும் வேண்டாம்’ என்ற விதியோடு நடக்கிறது. உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்று பயந்தால் எந்தச் செவிலியரும் நேரத்தைச் சரியாக எழுத மாட்டார். பின்னால் உட்கார்ந்து பதிவேட்டை ஒப்பேற்றும் பழக்கம்தான் வளரும். இந்த விதியை நாம் ஏற்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஒரு கோடு கிழிக்க வேண்டும். தெரிந்தே கைவிட்டதும், காசு கொடுக்காததால் கவனிக்காததும், சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதும் ஆய்வுக் கூட்டத்தில் பேசி முடிக்கும் விஷயங்கள் அல்ல. அவற்றுக்குச் சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினரை மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழையவிடாமல் தடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் வெளிப்படையாகவே குற்றம் என்கிறது. ஆய்வு ஒரு வழி, வழக்கு வேறு வழி. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மூடக் கூடாது.

சாதி எந்த வாசல் வழியாக நுழைகிறது?

“பிரசவ வார்டில் யார் சாதி பார்க்கிறார்கள்?” என்று படித்த நண்பர்களே கேட்கிறார்கள். சாதி வார்டுக்கு வருவதற்கு வெகு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஊருக்குள் சிமென்ட் ரோடு போட்டு, குடியிருப்புக்கு மண்பாதை விடும்போது தொடங்குகிறது. கர்ப்பிணி எட்டாம் மாதத்திலும் செங்கல் சூளையிலோ, கருவேல மரம் வெட்டி எரிக்கும் கரிமூட்டத்திலோ நிற்கும்போது தொடர்கிறது. வேலைக்காக இடம்பெயர்ந்த குடும்பம் ஓர் ஊரில் பிக்மி எண் வாங்கி, இன்னோர் ஊரில் பரிசோதனையைத் தவறவிட்டு, மூன்றாவது ஊரில் பிரசவத்துக்குப் போகும்போது பதிவேட்டில் ஓட்டை விழுகிறது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை. நாளெல்லாம் வெயிலில் நிற்கும் கூலிப் பெண்ணுக்கு அது எவ்வளவு சுமை என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் சேர்ந்து குழந்தையின் எடையைக் குறைக்கிறது. அப்புறம் வார்டில் ஒருவர், “நீ சரியாகச் சாப்பிடவில்லை” என்கிறார். சாப்பிடாதது அவள் பிடிவாதம் என்பதுபோல. அதட்டலுக்குப் பயந்து அவள், “குழந்தை பால் குடிக்கவில்லை” என்று சொல்லத் தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தில் சில மணி நேரம் போகிறது. அதட்டியது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. தாயைக் கேட்டால்தான் தெரியும்.

என்ன மாற வேண்டும்?

சிவகங்கை மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காரைக்குடியில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. 12 ஒன்றியங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். புதுக் கட்டடம் கேட்காமலே, இருக்கிற ஆய்வு முறையைக் கூர்மையாக்க மாவட்ட நிர்வாகத்தால் முடியும். கேட்பவை ஆறு.

ஒன்று, தாயின் வாக்குமூலம் இல்லாமல் எந்த ஆய்வும் முடியக் கூடாது. வீட்டில் கேட்டு எழுதிய படிவமும் மருத்துவமனைப் படிவமும் ஒரே மேசையில் ஒன்றாக வைக்கப்பட வேண்டும். இரண்டும் முரண்படும் இடத்தில்தான் விசாரணை தொடங்க வேண்டும்.

இரண்டு, நேரக் குறிப்பு. வலி தொடங்கியது, வண்டி வந்தது, ஒவ்வொரு மருத்துவமனையிலும் சேர்ந்தது, மருத்துவர் பார்த்தது, பிறந்தது, மூச்சுக்கு உதவியது, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தபோது குழந்தையின் வெப்பநிலை என எல்லாம் ஒரே தாளில் வரிசையாக இருக்க வேண்டும். குழந்தையை அனுப்பிய மருத்துவமனையும் ஆய்வுக் கூட்டத்தில் உட்கார வேண்டும். இறந்த இடத்தை மட்டும் கேட்டால் அனுப்பிய இடம் தப்பிவிடும்.

மூன்று, வெளியாள். தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தினால் யாரும் தோற்க மாட்டார்கள். வேறு மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் ஒருவரும் மூத்த செவிலியர் ஒருவரும் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்க வேண்டும். தனியார் மருத்துவமனை இறப்புகளும் இதே மேசைக்கு வர வேண்டும்.

நான்கு, ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு தேதி. ‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்பது பரிந்துரை ஆகாது. ‘இந்தக் குடியிருப்புக்கு ஆம்புலன்ஸ் போகும் பாதை, இந்தத் தேதிக்குள், இந்த அலுவலர்’ என்பதே பரிந்துரை. அடுத்த கூட்டத்தின் முதல் வேலை, போன கூட்டத்தில் எழுதியது நடந்ததா என்று பார்ப்பது.

ஐந்து, ஒன்றிய வாரியாகவும் சமூகப் பிரிவு வாரியாகவும் ஆண்டுக்கு ஒரு முறை எண்ணிக்கை வெளிவர வேண்டும். பெயர்கள் வேண்டாம். ஓர் ஒன்றியத்தில் ஓர் ஆண்டின் எண்ணிக்கை சிறியதாக இருக்கும். அதை வைத்து விழுக்காடு போட்டால் தப்பாக வழிகாட்டும். அதனால் மூன்றாண்டுகளைச் சேர்த்துத் தரலாம். எத்தனை இறப்புகள் தவிர்த்திருக்கக்கூடியவை என்ற எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

ஆறு, குடும்பத்துக்குப் பதில். ஆய்வு முடிந்தபின் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், என்ன தெரிய வந்தது என்று தமிழில், பொறுமையாகச் சொல்ல வேண்டும். அடுத்த பிரசவத்துக்கு என்ன கவனிக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதால் யாருடைய மதிப்பும் குறையாது.

நாம் செய்யக்கூடியது

அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடியவில்லை. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் தாய் சேய் நல அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பிரசவத்துக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். கூடப் போகும் ஒருவர் செல்பேசியில் நேரங்களைக் குறித்துக்கொள்ளட்டும். குழந்தை பிறந்ததும் அழுததா, எடை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பிரசவம், மருந்து, ரத்தம், போக்குவரத்து, நோயுற்ற குழந்தையின் சிகிச்சை எல்லாம் இலவசம். எங்காவது பணம் கொடுக்க நேர்ந்தால், எங்கே, எவ்வளவு என்று எழுதிவையுங்கள்.

குழந்தை இறந்துவிட்டால், அந்தத் துக்கத்தில் யாருக்கும் காகிதம் நினைவுக்கு வராது. அங்கேதான் உறவினரும் இளைஞரும் துணை நிற்க வேண்டும். உயிரோடு பிறந்து இறந்த குழந்தைக்குப் பிறப்பு, இறப்பு இரண்டும் பதிவாக வேண்டும். அதற்கு 21 நாள் அவகாசம். சிகிச்சைப் பதிவேடுகளின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதி. அரசு மருத்துவமனையானால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. உங்கள் குழந்தையின் இறப்பு ஆய்வுக்கு எடுக்கப்பட்டதா என்று அதில் கேளுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இப்படி ஒரு பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு தாய் இருக்கக்கூடும். போய் வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்வதைத் தேதியும் நேரமும் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தால், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் அதை மனுவாகக் கொடுங்கள். கிராம சபையில் குடியிருப்புப் பாதைக்குத் தீர்மானம் கேட்கும்போது, ‘ஆம்புலன்ஸ் வர முடியவில்லை’ என்ற வரியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அந்த இளம்பெண் சொன்னதைத் தேதி, நேரத்தோடு நாலு பக்கம் எழுதி அவரிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். “எட்டு மணின்னு போட்டிருக்கீக. ஏழே முக்கால்க்கா. நாடகம் இன்னும் முடியல.” திருத்திக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். பட்டா மனுவோடு அந்த மனுவும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. பதில் வரவில்லை. வந்ததும் இதே பத்தியில் எழுதுகிறேன்.